சிலிண்டர் அக்காவின் முன் அறை

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் அதைவிடப் பெரியவர்களே, பால் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் வெளியே டிராக்டர் மீது ஏறி நின்று கேட்கும் தம்பிமார்களே! கலங்கிய கண்ணோடும் நிமிர்ந்த நெஞ்சோடும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யார் என்று இங்கே யாராவது கேட்டால் அவர் வெளியூர்க்காரர் என்று பொருள். மைக் செட் மாமா என்றால் இந்த வட்டாரத்தில் பிறந்த குழந்தையும் திரும்பிப் பார்க்கும். பள்ளிக்கூடம் என்னை ஏழாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்! தமிழை நான் மேடைக்குப் பின்னால், ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றே கற்றேன். எத்தனை தலைவர்கள், எத்தனை பேராசிரியர்கள் என் மைக்கில் பேசியிருக்கிறார்கள்! அவர்கள் பேசிவிட்டுப் போய்விட்டார்கள், தமிழ் என்னிடம் தங்கிவிட்டது. இன்றைக்கு என்னை ஐந்து நிமிடம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். மைக் என்னுடையது, ஆம்ப்ளிஃபயரும் என்னுடையது. நிறுத்துகிறவர் யார் என்று பார்க்கிறேன்!

ஆனால் இன்று நான் பேச வந்தது என்னைப் பற்றி அல்ல. அடுப்பேற்றிய அரசி, வீடற்றோரின் விலாசம், நம் அன்புக்குரிய சிலிண்டர் அக்காவைப் பற்றி. உங்களுக்கெல்லாம் அவர் அக்கா. எனக்குத் தங்கை, ஒரே வயிற்றில் பிறந்தவள். மேடை மரியாதைக்காக 'அவர்' என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. 'அவள்' என்றே சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அரசி என்றெல்லாம் நான் சொல்வது அவள் காதில் விழுந்திருந்தால், "அண்ணே, நீ எறங்கு, அடுத்தவங்க பேசட்டும்" என்று சொல்லியிருப்பாள். இன்று சொல்ல ஆள் இல்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன், நீங்கள் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு வாயில் சொல்லாமல் இருக்கும் விஷயத்தை நானே போட்டு உடைத்துவிடுகிறேன். பழைய பால் குளிரூட்டும் நிலையத்தில் அவள் நடத்திவந்த இடைவீட்டில் இன்று ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன. சொந்தமாக ஒரு கூரை அமையும் வரை தங்குவதற்கு அவர்களுக்கு அதைத் தவிர வேறு இடம் கிடையாது. அதன் முன் அறையில் ஒரு பொறுப்பாளர் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இத்தனை வருடம் அவள் குடியிருந்தாள். இப்போது அந்த அறை காலி. இந்த மாதம் முடிவதற்குள் யாரும் அங்கே வரவில்லை என்றால் கட்டிடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. யார் போவது? யார் வீட்டை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருவது? டீக்கடையில் இதே பேச்சு. குழாயடியில் இதே பேச்சு. அதற்கு நான் வருகிறேன். ஆனால் அந்த அறையில் இருந்தவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

என் மைத்துனர் கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டினார். அவர் போன பிறகு, வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று இவள் போய் நின்றாள். ஏஜென்சி முதலாளி சிரித்தார்.

"வண்டி ஓட்டறது பெரிசில்லம்மா. சிலிண்டர் தூக்கணுமே!"

இவள் நேரே வண்டிக்குப் போனாள். நிறைந்த சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசை மேல் வைத்தாள். "தூக்கி வச்சிட்டேன். நீங்க எறக்கி வைங்க பாக்கலாம்" என்றாள். முதலாளியால் முடியவில்லை. அன்று முழுவதும் சிலிண்டருக்குப் பின்னால் இருந்தே அவர் வியாபாரம் பார்த்தார்! அந்த மேசை இன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. போய்ப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் யார்? நான்! முதல் நாள் பாதி வழியில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவள் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். அது என் பயிற்சியின் சிறப்பு.

ஊர் ஊராகச் சிலிண்டர் போட்டவளுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று தெரியும். அதனால் எங்கே எரியவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் மதியம், வயல் ஓரத்துப் பாதையில் ஒரு பெண் கை காட்டி வண்டியை நிறுத்தியிருக்கிறாள்.

"அக்கா, சின்ன சிலிண்டர் ஒண்ணு கிடைக்குமா?"

"கிடைக்குமே. வீடு எங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா எங்கம்மா? வயலு தானே இருக்கு!"

அந்தப் பெண் பம்ப்செட் அறையைக் காட்டினாள். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய். பாயில் அவள் புருஷன், சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர்! என் தங்கை அவரிடம் ஏதோ கேட்டாள். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் பெண்டாட்டி சொன்னாளாம்: "கரண்டு போனாத்தான் அக்கா எங்க வீட்டுல பேச முடியும்."

சொல்லிவிட்டு அவள் சிரித்திருக்கிறாள். என் தங்கையால் சிரிக்க முடியவில்லை.

நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, இந்தச் சுத்துப்பட்டுல வீடில்லாதவங்க எவ்வளவு பேரு இருக்காங்க தெரியுமா?"

"நம்ம பக்கம் ஏதும்மா அதெல்லாம்? இது என்ன பட்டணமா?" என்றேன்.

அன்பர்களே! இந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஏன்? கிராமத்தில் யாரும் தெருவில் படுப்பதில்லை. தெருவில் படுத்தால் நம் கண்ணில் படும். அவர்கள் எங்கே படுத்திருந்தார்கள்? பம்ப்செட் அறையில் படுத்திருந்தார்கள்! செங்கல் சூளைக்குப் பின்னால் படுத்திருந்தார்கள்! அறுவடை மிஷினுக்கு அடியில் படுத்திருந்தார்கள்! அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில், மாடு எழுந்த பிறகு படுத்திருந்தார்கள்! நாம் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தோம்? 'சொந்தக்காரங்க வீட்டுல இருக்காங்க' என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயர் வைத்ததும் நமக்குத் தூக்கம் வந்தது. அவளுக்கு வரவில்லை.

பால் சங்கத்தின் குளிரூட்டும் நிலையம் அப்போது பூட்டிக் கிடந்தது. பாலை லாரியே நேராக வந்து எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு அங்கே யாருக்கும் வேலை இல்லை. சாவியைக் கேட்டு இவள் போனாள். துணைக்கு நான் போனேன். நான் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால், "நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாள். இதோ அமர்ந்திருக்கும் இதே தலைவர்தான். நான் இட்டுக்கட்டினால் அவரே திருத்தட்டும்.

"அங்க மனுசன் இருக்க முடியாதும்மா. புளிச்ச பால் நாத்தம்" என்றார் தலைவர்.

"பம்ப்செட்டுல கிரீஸ் நாத்தம் தலைவரே. பால் எவ்வளவோ மேல்."

"தரையெல்லாம் சாய்வா இருக்கும். தண்ணி ஓடறதுக்குன்னு கட்டினது."

"தண்ணி ஓடட்டும். மனுசங்களாவது ஒரு இடத்துல நிக்கட்டும்."

"சரி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்."

"நீ உன் வீட்டுல இருப்ப. இங்க நடக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஏன் என் வீட்டுல இருக்கணும்? முன்னால பால் அளந்து வாங்கற ரூம் ஒண்ணு இருக்கே. அது போதும் எனக்கு."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சாவி அவள் கைக்கு வந்துவிட்டது! என் மௌனத்தின் வலிமை அப்படி.

அந்தக் கட்டிடத்தைச் சுத்தம் செய்ய ஆயிரம் பேர் திரண்டோம். என்ன, தலைமையாசிரியர் கை தூக்குகிறார்? "பதினஞ்சு பேர் மாமா" என்கிறார். அவர் பள்ளிக்கூடத்துக்காரர், தலையை மட்டும் எண்ணுகிறார். ஆயிரம் பேர் வேலையைச் செய்த பதினைந்து பேர், போதுமா? சுவரில் தோள் உயரத்துக்கு வெள்ளை ஓடு. அதைத் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை ரேகையே அழிந்துவிட்டது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் மழை பெய்தால் புளித்த வாடை எட்டிப் பார்த்தது. நடுச்சுவர்களை எழுப்பியவர் யார்? அந்தப் பம்ப்செட் அறைக் கொத்தனார்! கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, இன்னொரு முக்காலியில் உட்கார்ந்தபடி கரணையைப் பிடித்தார். இடையிடையே முக்காலியோடு அவரைத் தூக்கி நகர்த்தி வைப்பது என் வேலை. அந்த வகையில் இடைவீட்டின் ஒவ்வொரு சுவரையும் கட்டியது நான்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

தரைச் சாய்வை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பக்கக் காலுக்கு அடியில் செங்கல் வைத்தோம். எந்த அறையில் பந்தை விட்டாலும் அது உருண்டு நடுக்கால்வாய்க்கு வந்துவிடும். அதனாலேயே பந்து தொலைந்தது என்று இடைவீட்டுப் பிள்ளை எதுவும் அழுததில்லை.

பெரிய சமையலறை ஒன்று, பொதுவானது. "ஒரே பெரிய அடுப்பா வச்சு எல்லாருக்கும் சேத்து வடிச்சிடலாம், கேஸும் மிச்சம்" என்று நான் யோசனை சொன்னேன். மற்றவர்கள் பாராட்டினார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரே அடுப்புன்னா அது மண்டபம் அண்ணே. ஆளுக்கு ஒரு அடுப்பு வச்சாத்தான் வீடு. இன்னிக்கி எனக்குச் சோறு குழைஞ்சு போச்சுன்னு ஒருத்தி சலிச்சுக்கணும். அந்தச் சலிப்பு அவளோடதா இருக்கணும்."

சுவர் ஓரமாக வரிசையாக அடுப்புகள். குடும்பத்துக்கு ஒன்று. காலையில் போய்ப் பார்க்க வேண்டும்! அத்தனை குக்கரும் ஒன்றை மாற்றி ஒன்று விசில் அடிக்கும். என்னிடம் உள்ள நான்கு பெரிய ஸ்பீக்கரைச் சேர்த்து வைத்தாலும் அந்தச் சத்தம் வராது. இதை நான் தொழில்முறையில் சொல்கிறேன்.

இடைவீட்டுக்கு அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வருகிறவர்களிடம் 'உங்களுக்கு என்ன ஆச்சு' என்று கேட்கக் கூடாது. 'உங்களுக்கு என்ன வேலை தெரியும்' என்றுதான் கேட்க வேண்டும். அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதை அப்படியே நம்ப வேண்டும். அன்றிலிருந்து அதைச் சொல்லியே கூப்பிட வேண்டும். கொத்தனார், டிரைவர், டெய்லர், இப்படித்தான். ஊர் அவர்களை என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டது. புருஷன் விட்டுட்டுப் போனவ என்றது. குடிச்சு அழிஞ்சவன் என்றது. எத்தனை வருடத்துக்குப் பிறகு 'டிரைவர், கொஞ்சம் வாங்க' என்று ஒரு குரலை அவர்கள் கேட்டிருப்பார்கள்! நிமிர்ந்து வருவார்கள் அன்பர்களே, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்!

ஒரு பெரியவர் வந்தார். பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள், இவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வேலை தெரியும் அய்யா?"

"ஒண்ணும் தெரியாதும்மா."

"தூங்கத் தெரியுமா?"

"அதுவும் வர மாட்டேங்குது."

"அப்ப நீங்க வாட்ச்மேன்" என்றாள்.

அதோ மூன்றாவது வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். வாட்ச்மேன் தாத்தா இப்போது பள்ளிக்கூடத்துக்கே காவல். சம்பளம் வாங்குகிறார். நல்ல தூக்கமும் வருகிறது என்று தலைமையாசிரியர் புகார் சொல்கிறார்.

இந்தச் சட்டத்தால் ஒரு முறை பெரிய வம்பும் வந்தது. இடைவீட்டை மூட வேண்டும் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் இது இரங்கல் கூட்டம். பால் வைக்கக் கட்டிய இடத்தில் ஆள் இருக்கலாமா என்று பார்க்கக் கட்டிட அதிகாரி ஒருவரை அனுப்பினார்கள். அவர் வந்த அன்று பிடித்தது பாருங்கள் மழை! அந்த மாதிரி மழை அதற்கு முன்பும் பெய்ததில்லை, பின்பும் பெய்யவில்லை. மீன்கள் ரோட்டைக் கடந்து போயின! அதிகாரி பஸ்ஸை விட்டு இறங்கிக் குடை இல்லாமல் நிறுத்தத்தில் ஒதுங்கியிருக்கிறார். சட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துச் சிலிண்டர் வண்டி வருகிறது. வண்டிக்குள் நானும் இருந்தேன்.

"எந்திரிங்க, வண்டில ஏறுங்க" என்றாள்.

"நான் ஆபீசர்மா" என்றார் அவர்.

"சரிங்க ஆபீசர், ஏறுங்க. நனையறீங்க பாருங்க."

"அம்மா, நான் நெசமாவே ஆபீசர்!"

"நான் இல்லன்னு சொன்னனா? எங்க வீட்டுல தலைமை எஞ்சினியரே ரெண்டு பேரு இருந்துட்டுப் போயிருக்காங்க. ஏறுங்க ஆபீசர்."

ஏறிவிட்டார், வேறு என்ன செய்வார்? இடைவீட்டுக்கு வந்ததும் துண்டு கொடுத்தாள், காய்ந்த சட்டை கொடுத்தாள், டீ கொடுத்தாள். செங்கல் வைத்த கட்டிலைக் காட்டினாள். "நான் வந்தது எதுக்குன்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம், "அதெல்லாம் மெதுவாச் சொல்லுங்க, அவசரமே இல்ல" என்று தடுத்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கக் கூடாது அல்லவா? அவர் சொல்ல வந்ததும் அதுதான் என்று நினைத்துவிட்டாள்! கடைசியில் சட்டப்படி கேட்டாள்.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும் ஆபீசர்?"

அவர் பெருமூச்சு விட்டார். "கட்டிடம் பாக்கத் தெரியும்மா."

"நல்லதாப் போச்சு! அந்த மூலையில ஒழுகுது. என்னன்னு பாருங்களேன்."

அதிகாரி எழுந்தார். பார்த்தார். ஏணி கேட்டார். மழை நின்றதும் மொட்டை மாடிக்கு ஏறி, அடைத்துக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயில் கையை விட்டு, ஒரு காக்கைக் கூட்டையே இழுத்து வெளியே போட்டார்! இறங்கி வந்து கை கழுவிக்கொண்டு, பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். என் தங்கை அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆபீசர்னு நீங்க மொதல்லயே சொன்னீங்க, நானும் அப்பவே நம்பினேன். இப்ப அட்டை எதுக்கு?" என்றாள்.

அந்த மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அன்பர்களே, அனுமதி கிடைத்தது. பின்பக்கம் இன்னொரு கதவு வேண்டும் என்றார், வைத்தோம். மணல் வாளி வேண்டும் என்றார், வைத்தோம். மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தர் முன் ரூம்ல குடியிருக்கணும். ராத்திரி பகல் எந்நேரமும். அவங்க இல்லாத நாள்ல இது வீடு இல்லம்மா, வெறும் கிடங்கு." அந்த நிபந்தனைதான் இன்று நம் முன்னால் வந்து நிற்கிறது.

அதைக் கேட்டு அன்று எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. "அந்தாளு சரியாத்தான் சொல்றாரு" என்றாள். என்ன சரி என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. இடைவீட்டில் இருப்பவர்களுக்கு ஊருக்குள் வாடகை வீடு பிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும். நீங்களே கேட்டிருப்பீர்கள். கொத்தனாருக்கு வீடு பார்க்க அவள் போனபோது நானும் கூட நின்றேன்.

"யாருக்குக்கா வீடு?" என்றார் வீட்டுக்காரர்.

"கொத்தனாருக்கு. பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"என் வீட்டுல."

"உன் வீட்டுலயா? அந்தப் பால் கிடங்குலதான?"

"நான் எங்க இருக்கேன்?"

"நீ... அங்கதான் இருக்க."

"அப்ப அது யாரு வீடு?"

வீட்டுக்காரர் உள்ளே போனார். சாவியை எடுத்து வந்தார். கொத்தனாரின் அடுப்பையும் சிலிண்டரையும் அவள் வண்டியிலேயே ஏற்றிப் போனோம். புது வீட்டில் முதல் உலை கொதிக்கிற வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இடைவீட்டை விட்டுப் போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதையேதான் செய்தாள். 'எங்கிருந்து வர்றீங்க' என்று கேட்டால் 'அக்கா வீட்டுலருந்து' என்று அவர்கள் சொன்னார்கள். பம்ப்செட்டிலிருந்து வருகிறவருக்கு ஊர் வீடு கொடுக்காது. கிடங்கிலிருந்து வருகிறவருக்கும் கொடுக்காது. ஒரு வீட்டிலிருந்து வருகிறவருக்குத்தான் இன்னொரு வீடு கிடைக்கும். அது வீடாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், தனக்குச் சொந்த வீடு இருந்தும், பால் அளக்கும் அறையில் அவள் படுத்தாள்! தியாகம் என்று இதைச் சொல்லாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. அது அவள் வேலை. அந்த வேலையைச் செய்ய இந்த நாட்டில் அவளைவிடக் கெட்டிக்காரி பிறந்ததில்லை. அண்ணன் என்பதால் சொல்லவில்லை. சரி, அண்ணன் என்பதாலும்தான் சொல்கிறேன்!

கடைசியில் மூன்று வாரம் படுத்தாள். ஆஸ்பத்திரியில் இரு என்றார் டாக்டர். "என் ரூம்ல ஆள் இல்லன்னா கிடங்காயிடும்" என்று டாக்டரிடமே சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டாள். படுத்த இடத்திலிருந்தே வேலை வாங்கினாள். அப்போது எல்லாக் கவலையும் டெய்லரைப் பற்றித்தான். இதோ, இரண்டு பிள்ளைகளோடு முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண். புருஷன் இல்லாத பெண்ணுக்கு வீடு தர மாட்டேன் என்று போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள்.

"அண்ணே, டெய்லருக்கு வீடு பாத்தியா?" என்பாள்.

"பாத்துட்டேன், பெரிய பங்களா" என்பேன்.

"பொய் சொல்லாத. நெசமாப் பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் போய்விட்டாள்.

அன்று வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். இந்த ஊர் அதுவரை பார்க்காத கூட்டம்! தலைமையாசிரியர் இப்போது கை தூக்கவில்லை, கவனியுங்கள். கட்டிட அதிகாரி ரிட்டயராகி எங்கோ இருக்கிறவர், இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். இடைவீட்டிலிருந்து போன குடும்பங்கள் எத்தனை ஊர்களிலிருந்து வந்தன! ஒருவராவது 'நான் அங்கே இருந்தேன்' என்று சொல்லக் கூச்சப்பட்டார்களா? 'நான் அக்கா வீட்டுல இருந்தவன்' என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, நெஞ்சு விம்மியது. இப்போதும் அப்படித்தான்.

சரி. முன் அறைக்கு வருகிறேன்.

எல்லோரும் வெளியூரிலிருந்து வந்திருக்கும் அவள் மகளைப் பார்க்கிறீர்கள். வாசலிலேயே நிறுத்தி, 'அம்மா இடத்துக்கு நீதானே வரணும்' என்று நாலு பேர் கேட்டீர்கள். அந்தப் பிள்ளை நேற்று என்னிடம் சொன்னாள்: "மாமா, எனக்கு வேல அங்க, குடும்பம் அங்க. நான் வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போனா அது இன்னும் மோசம். என்னால முடியாது மாமா. அம்மா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாங்க." அவள் சொன்னது நியாயம். தாயைப் போலவே உள்ளதை உள்ளபடி சொல்லும் பிள்ளை! அவளை இனி யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டும் என்று தோன்றினால் என்னைப் பாருங்கள். எத்தனை பேர் பார்த்தாலும் தாங்குவேன்.

நேற்று மாலை வீட்டுக்குப் போனேன். என் மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அன்பர்களே, பத்தாயிரம் பேர் முன்னால் பேசிய எனக்கு அவள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. "நான் ஒண்ணு நெனைக்கிறேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பெரிய பாத்திரத்த எல்லாம் மருமக கிட்ட குடுத்துட்டேன். சின்னதக் கட்டி வச்சாச்சு. அந்த ரூம்ல கட்டிலும் அலமாரி ஒண்ணும்தான் பிடிக்கும். உங்க ஸ்பீக்கர் எதுவும் அங்க வரக் கூடாது."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே!"

"நாப்பது வருசமா உங்ககிட்ட யாரு கேக்க முடிஞ்சுது? நீங்கதான பேசிட்டு இருந்தீங்க!"

அதனால், பால் சங்கத் தலைவர் அவர்களே, இந்தச் சபையின் முன்னால் சொல்கிறேன். நாளைக் காலையிலிருந்து நானும் என் மனைவியும் இடைவீட்டின் முன் அறையில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டை மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆள் வேண்டும் என்பதுதானே நிபந்தனை? என்னைத் தெரியாதவர் உண்டா? தெரிந்தது போதும் என்கிறவர்கள்தான் உண்டு!

தலைவர் தலையை ஆட்டுகிறார். தலையாட்டல் போதாது தலைவரே, வாயால் சொல்லுங்கள். இந்தாருங்கள் மைக்.

"சரி மாமா. வாங்க. இருங்க."

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டதா? டெய்லரம்மா, கேட்டதா? நீயும் பிள்ளைகளும், மற்ற நாலு குடும்பத்தாரும் இன்று நிம்மதியாகப் போய் அடுப்பைப் பற்ற வையுங்கள்.

என் தங்கை செய்ததையெல்லாம் நான் செய்வேன் என்று சொல்ல மாட்டேன். நிறைந்த சிலிண்டரை என்னால் தூக்க முடியாது. இளவட்டங்கள் தூக்குங்கள். வருகிறவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க என் மனைவி இருக்கிறாள். வீட்டுக்காரர்களிடம் பேச நான் இருக்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் சாவியைக் கொடுத்தாவது என்னை அனுப்பிவிடுவார்கள்! முதல் சாவி டெய்லருக்கு. அது கிடைக்கும் வரை இந்த ஊரில் வீடு வைத்திருக்கும் ஒருவரையும் நான் சும்மா விடப்போவதில்லை. அந்த அறை காலியாக இருக்காது. எங்களுக்கு முடியாமல் போகும் நாள் வந்தால், அதற்கு முன்பே உங்களில் இருவரை அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். இது என் தங்கைக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்று அவளைத் தூக்க எத்தனை தோள்கள் முண்டியடித்தன! முறை கிடைக்கவில்லை என்று சண்டை போட்டவர்களையும் நான் பார்த்தேன். அந்தத் தோள்களுக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. என் கட்டில் சாதாரணக் கட்டில் அல்ல, அரசர் காலத்துத் தேக்கு. இல்லை என்று என் மனைவி அங்கிருந்து கை காட்டுகிறாள். சரி, ஏதோ ஒரு மரம், ஆனால் கனம் உண்மை. காலை வெயில் ஏறுவதற்குள் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நாலு பேர் போதும்.